குடும்பத்தோடு பார்த்துவர முக்கொம்பும் கல்லணையும்

அரசு ஊழியருக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு வார ஓய்வு உண்டு. விவசாயிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. மாட்டுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். இரண்டு வேளையும் கறந்தாக வேண்டும். முறைத் தண்ணீர் இரவில் வந்தாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போயாக வேண்டும். வீட்டுப் பெண்களின் பாடு இதைவிடக் கடினம். கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்றால் ஒழிய வெளியூர்ப் பயணமே இல்லாத குடும்பங்கள் நிறைய. பள்ளி திறந்ததும் மற்ற பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் என்று கதை சொல்ல, விவசாயி வீட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.

காவிரிப் பாசனப் பகுதி விவசாயி இதற்காக மலைக்குப் போக வேண்டியதில்லை. தம் வயலுக்குத் தண்ணீர் எங்கே பிரிகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஈடான சுற்றுலா வேறு இல்லை. திருச்சிக்கு அருகே காவிரி இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஸ்ரீரங்கம் தீவை உண்டாக்குகிறது. தீவின் மேல் முனையில் முக்கொம்பு. கீழ் முனையில் கல்லணை. ஸ்ரீரங்கத்தில் தங்கிக்கொண்டால் தினம் ஒரு பக்கம் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஒரே நாள்தான் முடியும் என்றால் காலையில் முக்கொம்பு, மாலையில் கல்லணை என்று வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போகலாம்?

கோடை விடுமுறையில் போனால் ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் தேதி மூடப்படுகிறது. நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாட்கள் ஆகும்.

ஆடிப்பெருக்கன்று ஆறு நிறைந்திருக்கும், கூட்டமும் நிறைந்திருக்கும். சின்னப் பிள்ளைகளோடு அன்று போவது சிரமம். அரையாண்டுத் தேர்வு விடுமுறைதான் சம்பா விவசாயிக்கு வசதியான காலம். நடவும் களையும் முடிந்திருக்கும். அறுப்பு இன்னும் வந்திருக்காது. மழை விட்டிருக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

தங்குவதற்கு ஸ்ரீரங்கத்தில் சத்திரங்களும் விடுதிகளும் உண்டு. பஞ்சக்கரை சாலையில் கோயில் சார்பில் யாத்ரி நிவாஸ் என்ற பெரிய விடுதியும் உள்ளது. விழா நாட்களில் இடம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெளியூர்ப் பேருந்துகள் பல 2025 முதல் பஞ்சப்பூர் நிலையத்திற்கு வருகின்றன. முக்கொம்புக்கும் கல்லணைக்கும் போக, சத்திரம் பேருந்து நிலையத்திற்கு வந்து நகரப் பேருந்து ஏற வேண்டும்.

மேல் முனையில் முக்கொம்பு

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் மேற்கே சுமார் 18 கி.மீ. தூரத்தில் முக்கொம்பு இருக்கிறது. மேலணை என்று சொல்வதும் இதைத்தான். ஒரே ஆறாக வரும் காவிரி இங்கே இரண்டாகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். மரநிழலும் பூங்காவும் பிள்ளைகள் விளையாடும் இடமும் உண்டு. கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார ஏற்ற இடம்.

பிள்ளைகளுக்கு இங்கே காட்ட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்துக்கு ஓட, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சைப் பாசனமே கெட்டுப்போகும் நிலை வந்தது. அப்போதுதான் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் இந்த அணையைக் கட்டத் தொடங்கினார். பாசனத்துக்கு வேண்டிய தண்ணீரைக் காவிரிக்குத் திருப்புவதும், வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் விட்டு ஊர்களைக் காப்பதும் இந்த அணையின் வேலை. காவிரி ஊட்டும் ஆறு; கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு. இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளை இந்த அணையின் மேல் நின்றால் தானே புரிந்துகொள்ளும்.

2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது, கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் 9 இடிந்து ஆற்றோடு போயின. பாறாங்கற்களையும் மணல் மூட்டைகளையும் போட்டு உடைப்பை அடைத்தார்கள். பிறகு கீழ்ப்புறத்தில் புதிய கதவணை கட்டப்பட்டது. பாட்டன் காலத்து அணை என்றென்றும் நிற்கும் என்று யாரும் இருந்துவிட முடியாது என்பதை அந்த இடம் சொல்லும். மதகுக்கு இந்த நிலை என்றால், நம் ஊர் வாய்க்காலுக்கும் கரைக்கும் எவ்வளவு கவனம் வேண்டும் என்று அங்கே நின்று யோசிக்கத் தோன்றும்.

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, தீவுக்குள்ளேயே மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015இல் திறக்கப்பட்டது. வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. காலை வெயிலில்தான் பூச்சிகள் அதிகம் பறக்கும்.

இங்கே விவசாயிக்கும் பாடம் உண்டு. எலுமிச்சைக் கன்றின் இலையைக் கடித்துத் தீர்க்கும் புழுவைப் பார்க்காதவர் இல்லை. சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலத் தெரியும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கறிவேப்பிலையையும் விடாது. அதே புழுதான் பின்னால் அழகான வண்ணத்துப்பூச்சியாகிப் பூவுக்குப் பூ பறக்கிறது. வீட்டில் நாலைந்து கன்றுதான் என்றால் மருந்து தேவையில்லை. புழுவைக் கையால் பொறுக்கிவிடலாம். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையோடு செய்வார்கள்.

கீழ் முனையில் கல்லணை

திருவானைக்காவிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலை, இரண்டு ஆறுகளுக்கும் நடுவே வாழையும் நெல்லுமாகப் பச்சைப் பசேலென்று இருக்கும். போகிற வழியில் திருவானைக்கா கோயிலைப் பார்த்துவிடலாம். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த்தலம். கருவறையிலேயே நீர் ஊறும். தண்ணீரைத் தேடிப் போகும் பயணத்தை அங்கே கும்பிட்டுத் தொடங்குவது பொருத்தம்தான்.

கல்லணையைக் கரிகால் சோழன் கட்டியதாகக் காலம்காலமாகச் சொல்லி வருகிறோம். ஏறத்தாழ 1,080 அடி நீளம். 40 முதல் 60 அடி வரை அகலம். நேர்கோட்டில் இல்லாமல் வளைந்து போகும். சுண்ணாம்புக் கலவை இல்லாமல், ஆற்று மணலில் பெரும் பாறைகளைப் போட்டு, அவை தம் கனத்தால் உள்ளே இறங்க, அதன் மேல் மேலும் பாறைகளை அடுக்கி, இடையில் களிமண் பூசி எழுப்பிய கட்டு அது. மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் காட்டன் இந்த அணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். இப்போது காணும் மதகுகளும் ஷட்டர்களும் பாலமும் பிற்காலத்தில் சேர்த்தவை. யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலை பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இங்கே தண்ணீர் பிரியும் விதத்தைப் பெற்றோர் நின்று நிதானமாகக் காட்ட வேண்டும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்ற மூன்றும் பாசனத்துக்கு, மிஞ்சுவது கொள்ளிடத்துக்கு. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காவிரி மதகைக் காட்ட வேண்டும். நீடாமங்கலம், திருவாரூர்ப் பக்கம் என்றால் வெண்ணாற்று மதகு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்றால் கல்லணைக் கால்வாய். புது ஆறு என்று மக்கள் அழைக்கும் இந்தக் கால்வாய் மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் பயனுக்கு வந்தது. சுமார் 148 கி.மீ. ஓடுகிறது.

"நம் வயலுக்கு வரும் தண்ணீர் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது" என்று ஒரு முறை காட்டினால் பிள்ளை மறக்காது. தலைமடைக்காரருக்கும் ஒரு செய்தி அங்கே உண்டு. கல்லணையிலிருந்து கடைமடை எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்த்தால், தேவைக்கு மேல் மடையைத் திறந்து வைப்பது யாருடைய பங்கைக் குறைக்கிறது என்பது விளங்கும்.

ஆற்றில் இறங்கும் முன்

முக்கொம்பிலும் கல்லணையிலும் குளிக்க இறங்கி உயிர்விட்டவர்கள் உண்டு. அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர், மதகுக்கு அருகே சுழித்து அடியில் இழுக்கும். மதகைத் திறந்தால் சற்று நேரத்தில் நீர்மட்டம் ஏறிவிடும். கொள்ளிடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை விழுங்கும் பள்ளம் வரும். மணல் எடுத்த குழிகள் மேலே தெரியாது.

ஆகவே மதகுகளுக்கு மேல்புறமோ கீழ்ப்புறமோ யாரும் இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கரையோடு நின்றுவிட வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை "எல்லோரும் பார்க்கிறோம்" என்று விட்டுவிடாமல், ஒரு பெரியவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். குளித்தே ஆக வேண்டும் என்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில், படியிலேயே நின்று குளிக்கலாம். யாராவது தவறி விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. வேட்டியையோ புடவையையோ கயிற்றையோ வீசிப் பிடிக்கச் செய்து இழுக்க வேண்டும். கூடவே ஆட்களைக் கூப்பிட வேண்டும்.

வாழை ஆராய்ச்சி மையம்

இன்னொரு நாள் கைவசம் இருந்தால், தோகைமலை சாலையில் தாயனூர் பக்கம் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்குப் போகலாம். 1993 ஆகஸ்ட் 21ஆம் தேதி தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இது. பல நாட்டு, பல மாநில வாழை ரகங்களை ஒரே இடத்தில் பாதுகாத்து வருகிறார்கள். இங்கிருந்து வெளியான உதயம் ரகம் கற்பூரவள்ளி இனத்தைச் சேர்ந்தது. வாழை நார், வாழை மாவு போன்றவற்றைப் பற்றி வீட்டுப் பெண்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முன் அனுமதி வாங்கிக்கொண்டு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போவது நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. வழியில் பார்த்த தோட்டத்தில் கன்று நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. ரஸ்தாலியைச் சாய்க்கும் பனாமா வாடல் நோயின் பூசணம் கன்றோடும் ஒட்டிய மண்ணோடும் வரும். வந்துவிட்டால் நிலத்தில் பல ஆண்டுகள் தங்கும். தோட்டங்களுக்குள் போய்வந்த செருப்பையும் மண் போகக் கழுவிவிட்டுத்தான் சொந்தக் கொல்லையில் கால் வைக்க வேண்டும்.

அன்று மாலை மலைக்கோட்டை ஏறினால் பார்த்தவை எல்லாம் ஒரே காட்சியாகத் தெரியும். காவிரி, அதற்கு அப்பால் தீவு, தீவில் 1987இல் கட்டி முடித்த 236 அடி உயர ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். முதியோர் படியேறச் சிரமப்பட்டால் அடிவாரத்தில் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

மாட்டை யார் பார்ப்பது என்பதுதான் பயணத்தைத் தடுக்கும் முதல் கேள்வி. இரண்டு வீட்டார் பேசி வைத்துக்கொண்டால் இது தீரும். இந்த வாரம் ஒரு வீட்டார் போக, மற்ற வீட்டார் இரண்டு தொழுவத்தையும் பார்க்கலாம். அடுத்த வாரம் முறை மாறும். ஆள் மாறினால் பால் இறக்காத மாடு உண்டு. அதனால் உதவிக்கு வருபவர் இரண்டு நாள் முன்பே வந்து கறந்து பழக்கிக்கொள்வது நல்லது. தீவனத்தையும் தவிட்டையும் வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட வேண்டும். முறைத் தண்ணீர் வரும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுச்சோறு என்றால் வீட்டம்மாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைக்க வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. புளியோதரையும் துவையலும் கெடாது. முதல் நாள் இரவே எல்லோரும் கூடச் செய்துவிடலாம். மற்ற வேளைக்கு ஓட்டலில் சாப்பிடட்டும். ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் ஒருவர் மட்டும் பரிமாறிக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்தால் அது குடும்பச் சுற்றுலா ஆகாது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தது. வண்டி பிடிக்கும் செலவை நினைத்துத் தயங்குவோர் பேருந்திலேயே எல்லா இடத்தையும் பார்த்துவிடலாம்.

பெரிய செலவு இல்லை, தூரமும் இல்லை. தண்ணீர் வரும் பாதையைக் கண்ணால் பார்த்த பிள்ளை, நாளைக்கு வாய்க்காலில் குப்பை கொட்டுவதைப் பார்த்தாலும், கரையை வெட்டுவதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கும். வரும் விடுமுறையில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி வைக்கலாம்.