சாளரத்தின் தற்போதைய அளவைச் செய்நிரல் மூலம் அறிதல்

ஒரு சாளரத்தைச் சுட்டியால் இழுத்துப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அளவு மாறியதும் உள்ளே இருக்கும் பொத்தான்களையும் படங்களையும் மீள ஒழுங்குபடுத்த வேண்டும். அதற்குச் சாளரத்தின் அளவு செய்நிரலுக்குத் தெரிந்திருத்தல் அவசியமாகும்.

1. அளவைப் பெறும் முறை

செய்நிரல் இவ்வளவைப் பணிசெயல் முறைமையிடம் கேட்டுப் பெறுகிறது. விண்டோஸில் இதற்கெனக் 'கெட்விண்டோரெக்ட்' என்னும் சார்பு உள்ளது. பைத்தன் போன்ற மொழிகளில் எழுதப்படும் ஸ்கிரிப்டுகளிலிருந்தும் இதனை அழைக்கலாம். இது அகலத்தையும் உயரத்தையும் நேரடியாகத் தராது. இடது, மேல், வலது, கீழ் ஆகிய நான்கு ஆள்கூறுகளையே பிக்சலில் தரும்.

பிரதான திரையின் இடது மேல் மூலையே உற்பத்திப் புள்ளியாகும். கணித வரைபில் மேல்நோக்கிச் செல்லும்போது பெறுமானம் கூடும். திரையிலோ கீழ்நோக்கிச் செல்லும்போதே கூடும்.

2. படிமுறை

படி 1: அளக்க வேண்டிய சாளரத்தை இனங்காண்க.
படி 2: நான்கு ஆள்கூறுகளையும் பெற்று மாறிகளில் இடுக.
படி 3: அகலம் = வலது − இடது
படி 4: உயரம் = கீழ் − மேல்
படி 5: அகலம், உயரம் என்பவற்றை வருவிளைவாகக் காட்டுக.

உதாரணம்: இடது 120, மேல் 80, வலது 920, கீழ் 680 எனின்,
அகலம் = 920 − 120 = 800 பிக்சல்
உயரம் = 680 − 80 = 600 பிக்சல்

3. கவனத்திற் கொள்ள வேண்டியவை

(அ) இவ்வளவினுள் தலைப்புப் பட்டையும் விளிம்புகளும் அடங்கும். உட்பகுதியின் அளவு மட்டும் தேவையெனின் 'கெட்கிளையன்ட்ரெக்ட்' என்னும் சார்பைப் பயன்படுத்துக. இதில் இடது, மேல் இரண்டும் எப்போதும் 0 ஆகும்.

(ஆ) சாளரம் பணிப்பட்டைக்குச் சிறிதாக்கப்பட்டிருப்பின் இடது, மேல் இரண்டும் −32000 எனக் கிடைக்கும். இதனைச் சேமித்து அடுத்த முறை பயன்படுத்தும் செய்நிரல், சாளரத்தைத் திரைக்கு வெளியே திறந்துவிடும். பயனருக்கு அது தென்படாது. எனவே சாளரம் சிறிதாக்கப்பட்டுள்ளதா என முதலிற் சோதிக்க.

(இ) பயனர் அளவை மீண்டும் மாற்றலாம். ஆகவே முன்னர் பெற்ற பெறுமானத்தை நம்பாது, தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பெறுக.

பயிற்சி: இடது −50, மேல் 40, வலது 590, கீழ் 520 எனின் சாளரத்தின் அளவு யாது?

விடை: அகலம் = 590 − (−50) = 640 பிக்சல்; உயரம் = 520 − 40 = 480 பிக்சல். 590 − 50 = 540 என எழுதுவது பிழையாகும். மறைக் குறி, சாளரத்தின் ஒரு பகுதி திரையின் இடது ஓரத்தைத் தாண்டியுள்ளதைக் காட்டுகிறது. அப்பகுதியும் அகலத்திற் சேரும்.