பேட்டரியைக் குறை கூறுமுன்...



நம் ஊர்களில் சில இல்லங்களின் வாசலில் இன்றும் ஓர் அம்பாசிடர் கார் நிற்கக் காண்கிறோம். அத்தா ஆசையோடு வாங்கியது, விற்க மனம் வரவில்லை என்று பிள்ளைகள் அதனைப் பேணி வருவார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் தயாரித்து வந்த வண்டி அது. 2014ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே, அவற்றுள் மிக இளையதற்கும் வயது பத்தைக் கடந்துவிட்டது.

இவ்வண்டி வைத்திருப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. "காலையில் செல்ப் எடுக்கவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது" என்பதே அது. உடனே புதிய பேட்டரி வாங்கப்படுகிறது. சில மாதங்களில் அதுவும் படுத்துவிடுகிறது. நள்ளிரவில் வீட்டுப் பெரியவர் ஒருவரை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய வேளையில் வண்டி உயிர்பெறாமல் போனால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? நோய் ஓரிடத்திலும் மருந்து வேறோரிடத்திலும் இருப்பதால் நேரும் வீண் விரயமன்றோ இது!

பேட்டரியை ஒரு தண்ணீர்க் குடமாக எண்ணிப் பாருங்கள். காலையில் குடம் காலியாக இருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். குடம் ஓட்டையாக இருக்கலாம். குடத்திற்கு நீரே வந்து சேராதிருக்கலாம். அல்லது, இரவில் யாரோ மொண்டு சென்றிருக்கலாம். இம்மூன்றையும் வரிசையாக ஆராயாமல் குடத்தை மட்டும் மாற்றிக் கொண்டிருப்பது அறிவுடைமையாகாது. இதற்கு வேண்டிய கருவி சிறிய மல்டிமீட்டர் ஒன்றே.

குடம் நலமா?

முதலில் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றி, வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கமாகப் பூட்டுங்கள். பாடிக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையையும் அவ்வாறே சுத்தம் செய்யுங்கள். பழைய வண்டிகளின் பாதிக் கோளாறுகள் துருவேறிய இணைப்புகளிலேயே ஒளிந்திருக்கும்.

பின்னர் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைகுடம். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் வெறுங்குடம் என்றே கொள்ளலாம். செல்ப் சுழலும் வேளையில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியலாகாது. மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால், ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் சோதிக்கலாம். ஐந்து அறைகள் 1.25 காட்ட, ஒன்று மட்டும் 1.18 காட்டினால், அவ்வறை பழுதுபட்டது. அப்போது புதிய பேட்டரி வாங்குவது முறையே.

நீர் வந்து சேர்கிறதா?

அடுத்து, என்ஜினை ஓட்டி, மிதமாக வேகம் கொடுத்து, பேட்டரி முனைகளில் மீண்டும் அளவெடுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். முகப்பு விளக்குகளை எரிய விட்டாலும் 13க்கு மேல் நிற்க வேண்டும். அளவு உயரவில்லையெனில் முதலில் பெல்ட்டைக் கவனியுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கலாகாது. அதன்பின் தேய்ந்துபோன கார்பனையும் ரெகுலேட்டரையும் பார்க்கலாம். அளவு 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீர் குறைவதும் இதன் அறிகுறியாகும்.

பழைய மாதிரிகளில் இருப்பது டைனமோ, பிந்தியவற்றில் இருப்பது ஆல்டர்னேட்டர். டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது மின்சாரம் தராது. ஆகவே, நிறுத்திய வண்டியை ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் உறும விடுவதால் பேட்டரி நிறைவதில்லை. அக்கால டைனமோக்களின் உச்ச ஆற்றல் 20 ஆம்பியர் அளவே. இரு 100 வாட் பல்புகளைப் பொருத்திக்கொண்டால், அவையே 16 ஆம்பியரை விழுங்கிவிடும். வரவு குறைந்து செலவு மிகுந்தால் எந்தக் குடும்பம் தாங்கும்?

இங்கே ஓர் எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, சார்ஜ் ஆகிறது" என்று தீர்ப்புக் கூறும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. டைனமோ காலத்தில் தோன்றிய வழக்கம் இது. ஆல்டர்னேட்டர் வண்டியில் இவ்வாறு செய்தால் உள்ளிருக்கும் டயோடுகள் கருகிவிடக் கூடும். இதற்கு ஒருபோதும் இடமளியாதீர்கள்.

இரவில் மொண்டு செல்வது யார்?

பேட்டரியும் நலம், சார்ஜும் சரி. எனினும் காலையில் வண்டி எழவில்லையா? அப்படியானால் எங்கோ மின்சாரம் கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, எர்த் முனையைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணையுங்கள். இந்நிலையில் செல்பைத் தட்டவோ முகப்பு விளக்கைப் போடவோ கூடாது, மீட்டர் பழுதாகிவிடும்.

கணினி எதுவும் இல்லாத பழைய வண்டியில் இவ்வளவு ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும். பாட்டுப் பெட்டியின் நினைவகத்திற்காகச் சில மில்லி ஆம்பியர் செல்லலாம். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தேட வேண்டியதுதான். அரை ஆம்பியர் கசிந்தால், நாளொன்றுக்கு 12 ஆம்பியர் மணி போய்விடும். 60 ஆம்பியர் மணிப் பேட்டரி ஐந்தே நாட்களில் வறண்டுவிடும். அணையாத ஒரு சிறு உள்விளக்கே இந்த அரை ஆம்பியரை எடுக்கப் போதுமானது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைக் கவனியுங்கள். எதைக் கழற்றியதும் அளவு விழுகிறதோ, அந்தப் பாதையில்தான் திருடன் இருக்கிறான். இவ்வண்டிகளில் ஃப்யூஸ் வழியே செல்லாத வயர்களும் உண்டு. ஆகவே, பின்னாளில் நேரடியாக இணைத்த பாட்டுப் பெட்டி, கூடுதல் ஹாரன் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். அப்போதும் அளவு விழாவிட்டால், டைனமோ வண்டியில் கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆல்டர்னேட்டரில் டயோடு கசியலாம். வண்டி நின்று நெடுநேரம் ஆன பின்னும் டைனமோ சுடுகிறதென்றால், கட்-அவுட்டே குற்றவாளி.

பாதுகாப்பு மறவாதீர்!

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது எழும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றும். அருகில் பீடி, தீக்குச்சி ஆகாது. கை மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். குழந்தைகளை அண்ட விடாதீர்கள். குறையும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். அக்கால வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும். அதைப் பார்த்தறியாமல் எதையும் இணைக்காதீர்கள்.

தாமே செய்ய இயலாதோர் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டலாம். அவர் "பேட்டரி போய்விட்டது" என்றால் மூன்று எண்களைக் கேளுங்கள். ஓய்வில் எத்தனை வோல்ட்? ஓடும்போது எத்தனை வோல்ட்? அணைத்த பின் எத்தனை மில்லி ஆம்பியர்? அவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வண்டியிலேயே வைத்திருங்கள். அளந்து பார்த்த பின்பே பணப்பையைத் திறவுங்கள். அத்தாவின் வண்டி, அவசர வேளையில் உங்களைக் கைவிடாது.