வீட்டுக்குள் வெள்ளமா? துடைப்பத்தை எடுக்காதீங்க!
இன்சூரன்ஸ் பணம் கைநழுவிப் போகும்

மழைநீர் வடிந்ததும் வீட்டு அம்மாக்கள் முதலில் தேடுவது துடைப்பத்தை. சேற்றை வாரிக் கொட்டி, ஊறிய மெத்தையைத் தெருவில் தூக்கிப் போட்டு, பினாயில் ஊற்றிக் கழுவி விடுகிறார்கள். வீடு பளிச்சென்று ஆகிவிடும். கூடவே சாட்சியும் போய்விடும்!

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல். அப்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தன. கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் குப்பை லாரியில் போயின.

"நமக்கு ஏதுங்க இன்சூரன்ஸ்?" என்பார்கள். பாங்கியில் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. கடன் கொடுக்கும்போதே பாங்கிகள் வீட்டுக்குப் பாலிசி எடுக்கச் சொல்வது வழக்கம். அந்தக் காகிதம் கடன் பைலுக்குள் தூங்கிக் கொண்டிருக்கும். போய்க் கேளுங்கள். ஆனால் அது கட்டிடத்துக்கு மட்டுமா, சாமான்களுக்கும் சேர்த்தா என்று பார்ப்பது முக்கியம்.

என்ன கிடைக்கும்?

2021 ஏப்ரல் முதல் எல்லா பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று வந்தது "பாரத் கிருஹ ரக்ஷா" பாலிசி. புயல், வெள்ளம் மட்டுமல்ல. மொட்டை மாடி டாங்கி வெடித்தாலும், குழாய் உடைந்து கொட்டினாலும் இதில் நஷ்டஈடு உண்டு. கட்டிடத்தை இன்சூர் செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை (அதிகபட்சம் ரூ.10 லட்சம்) வீட்டு சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

மாதக்கணக்கில் சுவரில் ஓதம் ஏறி சுண்ணாம்பு உதிர்ந்ததா? அதற்கெல்லாம் பணம் எதிர்பார்க்க வேண்டாம். பீரோவில் நனைந்த ரூபாய் நோட்டுக்கும் கிடையாது. நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

மெயினை அணை!

தண்ணீர் புகுந்தால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "ஓடுதான்னு பார்ப்போமே" என்று நனைந்த பிரிட்ஜைப் போடவே போடாதீர்கள். உயிருக்கே ஆபத்து!

அடுத்தது போட்டோ. தண்ணீர் நிற்கும்போதே எடுங்கள். வடிந்த பிறகு சுவரில் தெரியும் சேற்றுக் கோட்டையும், டி.வி., வாஷிங் மெஷினின் நம்பர் தகட்டையும் சேர்த்து எடுங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

சர்வேயர் வந்து பார்க்கும் வரை கெட்ட சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடக் கூடாது. நாற்றம் தாங்காத மெத்தையையா வைத்துக் கொண்டிருப்பது? படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு எறியலாம். நல்ல சாமான்களை மேலே ஏற்றிக் காப்பாற்றுவதும் உங்கள் பொறுப்பே. "எப்படியும் பணம் வரும்" என்று நனைய விட்டால், அதையே காரணம் காட்டிக் குறைப்பார்கள்.

பில் தொலைந்து போச்சா? வாங்கிய கடையில் நகல் கேட்கலாம். பாங்கிக் கணக்கு, தவணை ரசீது, ஏன், அந்த டி.வி. பின்னால் தெரியும் பிறந்தநாள் போட்டோ கூட கைகொடுக்கும்.

கையை விரித்தால்?

கம்பெனி மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.