புளிக்க வைத்த காய் ஹலாலா?

கேரட், காலிபிளவர் மலிவான நாளில் உப்புநீரில் புளிக்க வைத்தால் வீண்விரயம் இல்லை. "புளித்தால் போதையாகிவிடாதா?" என்று சகோதரிகள் எங்களிடம் கேட்கிறார்கள்.

இட்லி மாவைப் புளிக்க வைக்கும் லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிரே காய்களையும் புளிக்க வைக்கிறது. முக்கியமாக உண்டாவது தயிரிலுள்ள அதே லாக்டிக் அமிலம். எவ்வளவு உண்டாலும் போதை தராதது மதுவில் சேராது. சர்க்கரை கலந்த பானத்தைப் பல நாள் ஊற வைப்பது வேறு, அதைத் தவிர்ப்போம். சந்தேகமிருந்தால் இமாமிடம் கேளுங்கள்.

உறைக்கென்று கடையில் பொடி வாங்க வேண்டியதில்லை. காயிலேயே நுண்ணுயிர் உண்டு. ஏற்காட்டுக் குளிரில் புளிப்பு தாமதமாகும். முந்தைய ஜாடியின் நல்ல புளிநீர் இரண்டு கரண்டி விட்டால் விரைவாகும்.

கொதித்து ஆறிய நீர் 1 லிட்டருக்கு உப்பு 30 கிராம். கழுவிய கண்ணாடி ஜாடியில் காய் முழுவதும் நீருக்குள் மூழ்கியிருக்கட்டும். வாயு வெளியேற மூடியைத் தளர்வாக வையுங்கள். சுமார் பத்து நாளில் புளித்துவிடும்.

பூஞ்சணம் படர்ந்தாலோ கள் வாடை அடித்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணுங்கள்.

அல்லாஹ் நம் ரிஜ்கில் பரக்கத் செய்வானாக.