உங்கள் பையில் என் உயிர்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சிங்கப்பூர் சிலோன் ரோடு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். ஜப்பானின் ஹொக்கைடோவுக்கோ காஷ்மீரின் குல்மார்குக்கோ பனிச்சறுக்குக்குக் கிளம்பும் பிள்ளைகள் கேட்பார்கள்: “ஆன்ட்டி, எத்தனை ஜாக்கெட் எடுக்கட்டும்?” ஆண்டு முழுக்க முப்பது டிகிரி வெயிலில் வாழ்பவர்களுக்குக் குளிர்தான் முதல் பயம். நான் ஜாக்கெட் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, கூட யார் யார் வருகிறார்கள், அவர்கள் பையில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

விடுதிக்காரர்கள் இயந்திரம் விட்டுச் சமன்செய்து, கயிறு கட்டி, காவலர் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சரிவுகளில் சறுக்குவது ஒரு வகை. அதற்குக் கையுறையும் கண்ணாடியும் தலைக்கவசமும் போதும். மற்றதை வாடகைக்குத் தருவார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டி, ஸ்கீயின் அடியில் பட்டை ஒட்டிச் சொந்தக் காலால் மலையேறி, யாரும் மிதிக்காத பனியில் இறங்கி வருவது இன்னொரு வகை. பேக்கன்ட்ரி என்பது இதுதான். அங்கே காவலர் இல்லை. பனி சரிந்தால், பக்கத்தில் நிற்பவர்தான் உங்களுக்கு மீட்புப்படை.

பனிச்சரிவு என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் துக்கமாக நுழைந்தது 2016 பிப்ரவரியில். சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த இந்திய ராணுவத்தின் சோனம் காவல்நிலை 3ஆம் தேதி பனிக்கட்டிக்குள் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் அதில் சிக்கினார்கள்; நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ராணுவம் நாய்களையும் ரேடாரையும் பனியை வெட்டும் கருவிகளையும் கொண்டுபோய்த் தோண்டியது. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்த வாரம் செண்பக விநாயகர் கோயிலில் பார்த்தவர்களெல்லாம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆறு நாள் ஒருவர் தாக்குப்பிடித்தது பெரும் அதிசயம். பனிமலைக்குப் போகிறவர்கள் அந்த அதிசயத்தைக் கணக்கில் வைத்துப் பை கட்டக்கூடாது.

கணக்கில் வைக்கவேண்டியது நிமிடங்களை. சுவிட்சர்லாந்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த விவரங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வின்படி, பனியில் முழுதும் புதைந்தவர்களைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். பெரும்பாலோரைக் கொல்வது குளிர் அல்ல, மூச்சுத்திணறல். சரிந்து வந்து நின்றதும் பனி சிமெண்ட் போல இறுகிவிடுகிறது; விரலைக்கூட அசைக்க முடியாது. ஹெலிகாப்டருக்குச் சொல்லியனுப்பி அது வந்து சேர்வதற்குள் அந்தப் பத்து நிமிடம் முடிந்திருக்கும்.

குல்மார்கில் இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. அங்கே கோண்டோலா ஏறினால் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் அபர்வட் மலைமேல் இறக்கிவிடும். இறங்கிய இடத்திலிருந்து சில அடி நகர்ந்தாலே காவல் இல்லாத சரிவு. 2010 பிப்ரவரியில் அங்குள்ள ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் ஒரே சரிவில் மாண்டார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர் இருவர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். கோண்டோலா ஏற்றிவிட்டதாலேயே அது பாதுகாப்பான இடம் என்று நினைத்துவிட வேண்டாம் என்று குல்மார்க் போகும் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன்.

ஆகவே பையில் முதலில் மூன்று பொருள். டிரான்ஸீவர், புரோப், மண்வாரி. ஆளுக்கு ஒரு செட். இருவருக்கு ஒன்று என்ற பேச்சே கூடாது. ஏனென்றால் என் மண்வாரி என்னைத் தோண்டப்போவதில்லை. நான் புதைந்தால் என்னைத் தோண்டுவது உங்கள் மண்வாரி. கடைக்குப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் மலிவாக எதையாவது வாங்கிப்போட மனம் வராது.

டிரான்ஸீவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வானொலிக் கருவி. 1968இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஜான் லாட்டன் என்ற பொறியாளர் இதன் முன்னோடியை உருவாக்கினார். இன்று எந்த நிறுவனம் செய்தாலும் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன; ஜப்பானியர் கருவியைச் சிங்கப்பூரர் கருவி கண்டுபிடிக்கும். காலையில் புறப்படும்போதே எல்லோருடையதும் ஒலிபரப்பில் இருக்கவேண்டும். ஒருவர் புதைந்தால் மற்ற எல்லோரும் தேடலுக்கு மாற்றவேண்டும். ஒருவர் மறந்தாலும் தேடுபவர் உயிரோடு நிற்கும் ஆளை நோக்கி ஓடுவார். இதைப் பையில் வைக்கக்கூடாது. சரிவு பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். உடம்போடு பட்டியில் கட்டி, வெளிச்சட்டைக்கு அடியில் அணிவதுதான் முறை. கைப்பேசியிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50. தயாரிப்பாளர் சொல்லும் பேட்டரியைப் போடுங்கள், பெரும்பாலும் புதிய அல்கலைன். வீட்டிலிருக்கும் ரீசார்ஜ் பேட்டரி திடீரென்று கைவிட்டுவிடும்.

புரோப் என்பது மடித்துவைக்கும் நீளக் கம்பி. விரித்தால் 240 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும். கருவி காட்டிய இடத்தில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்தி, ஆள் தட்டுப்பட்டதும் கம்பியை அங்கேயே விட்டுவிட்டு, கீழ்ச்சரிவுப் பக்கமிருந்து தோண்டத் தொடங்குவார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் பனியை அள்ளவேண்டியிருக்கும். மண்வாரியின் தகடு உலோகமாக இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். இறுகிய பனியில் பிளாஸ்டிக் உடைந்துபோகும்.

வாங்கினால் மட்டும் போதாது. நவம்பரிலிருந்து ஞாயிறு காலைகளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பயிற்சி செய்கிறோம். ஒருவர் டிரான்ஸீவரைப் பையில் கட்டி மணலில் மறைப்பார்; மற்றவர்கள் தேடுவார்கள். அம்புக்குறி நேர்கோட்டில் போகாது. காந்தப்புலம் வளைந்து வருவதால் தேடுபவரும் வளைந்துதான் போகவேண்டும். எண் இறங்கிக்கொண்டே வந்து மூன்றுக்குக் கீழே போனதும் வேகத்தைக் குறைத்து, கருவியைத் தரையோடு வைத்து நகர்த்தவேண்டும். சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மணலில் கம்பி இறங்காது. ஆகவே புரோப் பயிற்சியைப் பனியில், போய்ச் சேர்ந்த முதல் நாளே செய்கிறோம். முதல் முறை ஒரு பையன் ஏழு நிமிடத்துக்குமேல் தேடி நிமிர்ந்தபோது, “இன்னும் தோண்டவே ஆரம்பிக்கல ஆன்ட்டி” என்று தானாகவே சொன்னான். அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காவதாக ஏர்பேக் பை. பிடியை இழுத்தால் பலூன் விரிந்து ஆளைப் பனியின் மேற்பரப்புக்குக் கொண்டுவர உதவும். வசதி இருந்தால் வாங்குங்கள். முதல் மூன்றுக்கு அது மாற்று அல்ல. சாங்கியில் விமானம் ஏறும் நமக்கு ஒரு சிக்கலும் உண்டு. அழுத்தவாயு உருளை உள்ள பைக்கு விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். மின்விசிறியால் ஊதும் வகைக்கு உருளை வேண்டாம். ஆனால் அதன் பேட்டரிக்கான விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். போன இடத்தில்தான் வாங்கவேண்டும். பவர்பேங்க் கைப்பையில்.

இந்தியா போகிறவர்களுக்கு இன்னொன்று. மலைக்குச் செல்பவர்கள் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை ஜப்பானுக்குக் கொண்டுபோகலாம். இந்தியாவுக்கு உரிமம் இல்லாமல் கொண்டுபோகக்கூடாது. விமான நிலையத்தில் பிடிபட்டுக் காவல்நிலையம், நீதிமன்றம் என்று அலைந்த வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வேறு மாநிலத்தில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம்மும் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குல்மார்குக்கு உள்ளூர் வழிகாட்டியையும் அவருடைய தொடர்புகளையும் நம்பித்தான் போகவேண்டும். அதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

இனி உடுப்பு. காலாங் டெகாத்லானில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். உடம்போடு ஒட்டியிருப்பது மெரினோ கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துப் பிறகு உடம்பை உறையவைக்கும். ஏறும்போது கொஞ்சம் குளிர்வதுபோலவே புறப்படவேண்டும். நம் ஊர்க்காரர்கள் வாசலிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, பத்தாவது நிமிடத்தில் நனைந்துபோவார்கள். தடித்த பஃபர் ஜாக்கெட் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும். நின்றவுடன் அணிய. கையுறை இரண்டு ஜோடி.

ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டையை ‘ஸ்கின்’ என்பார்கள். முன்காலத்தில் உண்மையாகவே சீல் தோல். இப்போது அங்கோரா ஆட்டு மயிர் அல்லது நைலான். மயிர் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் பிடிக்கும்; அதனால்தான் சரிவில் பின்னோக்கி வழுக்காமல் ஏற முடிகிறது. கடுங்குளிரில் பசை பிடி விடும் என்பதால் இடைவேளையில் அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக வைத்துக்கொள்ளவேண்டும். அப்போதும் ஒட்டாவிட்டால் ரப்பர் வார் கைகொடுக்கும். என் பழுதுபார்ப்புப் பையில் அப்படிப்பட்ட வார்கள் நாலைந்து, ஸ்கீ ஆணிக்குப் பொருந்தும் திருப்புளி, கம்பி, கோலில் சுற்றிய ஒட்டுநாடா. அதோடு முக்கோணக் கட்டுத்துணி, வளைக்கக்கூடிய சிம்பு, தலைவிளக்கு, ஆளை முழுதாக மூடும் அவசரப் பை. காலுடைந்தவர் இரவெல்லாம் காத்திருக்க நேர்ந்தால் அந்த அவசரப் பைதான் காப்பாற்றும். வெறும் வெள்ளித்தாள் போர்வை காற்றில் பறந்துவிடும்.

தண்ணீர்க் குழாய் உறையும். வெந்நீர்க் குடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சத்துக்கட்டிகள் மைனஸ் பதினைந்தில் பல்லை உடைக்கும். நான் அம்மா பாணியில் இடித்த எள்ளுப்பாகு கொண்டுபோகிறேன். எண்ணெய்ப்பசை இருப்பதால் கடிக்க முடிகிறது, சிறு உருண்டையே வெகுநேரம் தாங்கும்.

எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் பையே எட்டு, பத்துக் கிலோ வரும். மண்வாரியும் புரோப்பும் வேறு எதையும் கிளறாமல் எடுக்கும்படி தனி அறையில் இருக்கவேண்டும். அந்தப் பையோடு மரைன் பரேட் வீவக அடுக்குமாடி புளோக்குகளின் மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். மலையில்லாத ஊர் என்று சாக்குச் சொல்லாதீர்கள்; 164 மீட்டர் புக்கிட் தீமாதான் மிக உயர்ந்த குன்றாக உள்ள இந்தத் தீவிலிருந்து 1998 மே 25 அன்று எட்வின் சியூவும் கூ ஸ்வீ சியாவும் எவரெஸ்ட் ஏறினார்கள். 2012இல் நம் டாக்டர் குமரன் ராசப்பன் ஏறினார். படிக்கட்டில் தோள்பட்டை வலித்தால் பட்டியைச் சரிசெய்ய இங்கே நேரம் இருக்கிறது.

திரும்பி வந்த பிறகும் வேலை உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் ஈரப்பதம் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்ல அரித்துவிடும். வீட்டின் வெடிகுண்டுப் புகலிட அறையில் இரண்டு மூன்று வருடம் கிடந்த ஒரு தோழியின் பூட்ஸ், மலையடிவாரத்தில் போட்டதும் அடிப்பகுதி துண்டுதுண்டாக உதிர்ந்தது. மழைச்சட்டையின் உள்பூச்சும் இப்படித்தான் உரியும். பூட்ஸின் உள்ளுறையை உருவிக் காயவையுங்கள். கேமராவுக்கு வாங்கிய உலர்பெட்டியில் இடமிருந்தால் ஸ்கின்களையும் டிரான்ஸீவரையும் அதில் வையுங்கள். டிரான்ஸீவரின் பேட்டரியைக் கழற்றிவிட மறக்காதீர்கள்; கசிந்தால் கருவியே பாழ். அக்டோபரில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பூட்ஸை மாட்டி வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு டிக்கெட் எடுங்கள்.