நீல ஆடையும் நேரிய விலையும்

உணவுக்கு அடுத்தபடியாக மனிதனுக்கு இன்றியமையாதது உடை. இன்று உலகெங்கும் பரவியுள்ள உடைகளுள் ஒன்று ஜீன்ஸ் எனப்படும் நீலக் காற்சட்டை. தொழிலாளரும் அதனை உடுத்துவர், செல்வரும் உடுத்துவர். ஆடவர், பெண்டிர் என்ற வேறுபாடும் அதற்கு இல்லை. அவ்வுடையைச் செய்வோர்க்கும், மண்ணுக்கும், நீருக்கும் தீங்கு நேராவண்ணம், எளியோரும் வாங்கத்தக்க விலையில் அதனைச் செய்ய இயலுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரத்தின் பெயரிலிருந்து 'ஜீன்ஸ்' என்னும் சொல்லும், பிரான்சு நாட்டின் நீம் நகரத்தின் பெயரிலிருந்து 'டெனிம்' என்னும் சொல்லும் தோன்றின என்பர். இன்றைய ஜீன்ஸ் பிறந்த இடம் அமெரிக்கா. அங்கு ரீனோ என்னும் ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் வாழ்ந்தார். கடும் உழைப்பாளிகளின் காற்சட்டைப் பைகள் விரைவில் கிழிந்துபோவதைக் கண்ட அவர், பைகளின் மூலைகளில் செம்பு ஆணிகளை அடித்து வலுவூட்டினார். பின்னர், தமக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸ் என்னும் வணிகருடன் சேர்ந்து, 1873-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். உழைப்பவன் உடை நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதே இவ்வுடையின் முதல் நோக்கமாக இருந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

டெனிம் துணியில் நீளவாட்டில் செல்லும் பாவு நூல் நீலச்சாயம் தோய்ந்தது. குறுக்கே செல்லும் ஊடை நூல் வெள்ளையானது. பண்டு அந்நீலத்தை அவுரிச் செடியிலிருந்து எடுத்தனர். அதன் வரலாற்றில் கண்ணீரும் கலந்துள்ளது. பீகாரில் உள்ள சம்பாரண் பகுதியில், உழவர் தம் நிலத்தில் 20-இல் 3 பங்கில் அவுரி பயிரிட்டே ஆகவேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கட்டாயப்படுத்தினர். 1917-இல் காந்தியடிகள் அங்குச் சென்று உழவர் குறைகளைக் கேட்டறிந்தார். அதன் பயனாக, அக்கொடிய முறை 1918-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஜெர்மனியில் செய்யப்பட்ட செயற்கை நீலம் 1897-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்திருந்தது. இன்று ஜீன்ஸுக்குப் பெரும்பாலும் அத்தகைய நீலமே பயன்படுகின்றது.

நீலச்சாயம் நூலின் உள்ளே ஆழ்ந்து பற்றுவதில்லை, மேற்புறத்திலேயே படிகின்றது. ஆதலால் உடுத்த உடுத்த நிறம் மங்கும். இவ்வியல்பு முதலில் அழகாயிற்று. பின்னர்க் கேட்டிற்கும் வழிகோலியது. எவ்வாறெனில், புதிய ஆடையே பழையது போல் தோன்றவேண்டும் என்று மக்கள் விரும்பத் தொடங்கினர். அதற்காக ஆலைகளில் ஆடைகளை நுரைக்கற்களோடு சேர்த்துப் பலமுறை அலசினர், வேதிப்பொருள்களைத் தெளித்தனர். இன்னும் சில இடங்களில் காற்றின் விசையால் துணிமீது மணலை வாரி இறைத்தனர். அம்மணலின் நுண்துகள் தொழிலாளரின் நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயை உண்டாக்கிற்று. துருக்கி நாட்டில் இளைஞர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர்; உயிரிழந்தோரும் உளர். 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இம்முறையைத் தடை செய்தது. ஆடையின்மீது ஒரு வெளிறிய திட்டு வேண்டும் என்பதற்காக மனிதரின் மூச்சு பறிபோயிற்று என்பது எண்ணி வருந்தத்தக்கது.

துன்பம் இம்மட்டோடு நின்றதா? 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், வங்காள தேசத்தில் டாக்கா நகருக்கு அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் வெடிப்புகள் காணப்பட்டிருந்தும், தொழிலாளர் வேலைக்கு அழைக்கப்பட்டனர். இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? ஆடையின் விலை குறையும்போது, குறைந்த பகுதி மறைந்து போவதில்லை. வாங்குவோர் கொடாத விலையை ஆறும், நிலமும், உழைப்பவர் உடலும் கொடுக்கின்றன.

அங்ஙனமாயின், நேர்மையாகச் செய்த ஆடை செல்வர்க்கு மட்டுமே உரியதோ? அன்று. ஜீன்ஸின் விலையில் வீண் செலவுகள் பல அடங்கியுள்ளன. அவற்றை நீக்கினால் கேடும் குறையும், விலையும் குறையும். நிறத்தை மங்கச் செய்யாமலே ஆடையை விற்பது அவற்றுள் எளிய வழி. அதனால் நீரும், வேதிப்பொருளும், கூலியும் மிஞ்சுகின்றன. மங்கிய நிறமே வேண்டுமெனில், மணலுக்கு மாற்றாக லேசர் ஒளியையும், மிகுந்த நீருக்கு மாற்றாக ஓசோன் வளியையும், நுரைக்கல்லுக்கு மாற்றாக நொதிகளையும் பயன்படுத்தலாம். இம்முறைகள் பல ஆலைகளில் இன்று நடைமுறையில் உள்ளன.

சில செலவுகளைத் தவிர்த்தல் இயலாது, தவிர்க்கவும் கூடாது. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர் இதற்குச் சான்று. அங்குச் சாயக் கழிவால் நொய்யலாறு பாழாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் ஆலைகள் மறுபடியும் இயங்கலாயின. இச்செலவு ஆடையின் உண்மையான விலையைச் சேர்ந்ததே. தையற்கூலியும் அத்தகையதே. கடையில் நாம் கொடுக்கும் விலையில் தைத்தவர் பெறும் கூலி மிகச் சிறு பங்கு. ஆதலால் அதனைச் சற்று உயர்த்துவதால் ஆடை எட்டாக்கனி ஆகிவிடாது.

வாங்குவோர்க்கும் இதில் பங்கு உண்டு. லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு ஜீன்ஸின் வாழ்நாளில் ஏறத்தாழ 3,800 லிட்டர் நீர் செலவாகின்றது. அதில் 68 விழுக்காடு பருத்தி விளைவிக்கச் செல்கின்றது. 23 விழுக்காடு வீட்டில் துவைக்கச் செல்கின்றது. சொட்டு நீர்ப் பாசனத்தால் முன்னதையும், தேவையான போது மட்டும் துவைப்பதால் பின்னதையும் குறைக்கலாம். கிழிந்த இடத்தைத் தைத்து உடுத்தினால் ஆடையின் ஆயுள் நீளும். 600 ரூபாய்க்கு வாங்கிய ஆடை ஓராண்டில் கிழியுமாயின், அதன் விலை ஆண்டுக்கு 600 ரூபாய். 1,500 ரூபாய்க்கு வாங்கியது ஐந்தாண்டு உழைக்குமாயின், ஆண்டுக்கு 300 ரூபாயே. எனினும், 1,500 ரூபாயை ஒருங்கே கொடுக்க இயலாதோர் நாட்டில் பலர். அவர்பொருட்டே வீண் செலவை நீக்கி, உறுதியான ஆடையைக் குறைந்த விலையில் தருதல் ஆலையாளர் கடமையாகின்றது.

உழைப்பவன் பை கிழியாதிருக்க அடித்த செம்பு ஆணியிலிருந்து தோன்றியது ஜீன்ஸ். அதனைத் தைப்பவரும் நலமாக வாழ்தல் வேண்டும். கடையில் விலையைக் கேட்கும் நாம், இவ்வாடை எத்தனை நாள் உழைக்கும், இதனைச் செய்தவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்ற வினாக்களையும் கேட்கப் பழகுவோமாக. கேட்போர் பெருகினால், விடையளிக்கும் ஆலைகளும் பெருகும்.