கூட்டம் I: கார உலோகங்களின் இரசாயன இயல்புகள்

ஆவர்த்தன அட்டவணையின் முதலாம் கூட்டத்திலுள்ள இலிதியம், சோடியம், பொற்றாசியம், உருபீடியம், சீசியம், பிரான்சியம் ஆகிய ஆறு மூலகங்களும் கார உலோகங்கள் எனப்படும். நீருடன் தாக்கமுற்று வன்காரங்களைத் தருவதாலேயே இவை இப்பெயரைப் பெற்றன. ஐதரசனும் ஒரு வலுவளவு இலத்திரனைக் கொண்டிருப்பதால் இதே நிரலில் எழுதப்படுவதுண்டு. எனினும் அது ஓர் அல்லுலோகம். அதனைக் கார உலோகம் என எழுதிவிடாதீர்கள்.

இவ்வுலோகங்கள் இயற்கையில் தனியே காணப்படுவதில்லை. ஆனையிறவிலும் அம்பாந்தோட்டையிலும் கடல்நீரிலிருந்து பெறப்படும் உப்பிலும் சோடியம் உண்டு; ஆனால் அது அயனாகவே உள்ளது. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் முதன்முதலாக வேறாக்கியவர் ஹம்பிரி டேவி ஆவார். 1807 இல் உருகிய ஐதரொட்சைட்டுகளை மின்பகுத்தே அவர் இவற்றைப் பெற்றார்.

இலிதியத்தின் இலத்திரன் நிலையமைப்பு 2,1, சோடியத்தினது 2,8,1, பொற்றாசியத்தினது 2,8,8,1. ஈற்றோட்டில் உள்ள அந்த ஒற்றை இலத்திரனை இழந்து ஓரலகு நேரேற்றமுள்ள அயனாதலே இவை யாவற்றினதும் இயல்பு.

கூட்டத்தின் வழியே கீழே செல்லத் தாக்குதிறன் கூடுவது ஏன்? இவ்வினாவுக்கு "அணு பெரிதாவதால்" என்று மட்டும் எழுதி நிறுத்துவோர் பலர். அது அரை விடையே. கருவின் நேரேற்றமும் 3, 11, 19 எனக் கூடுகின்றதல்லவா? அவ்வாறாயின் கவர்ச்சி கூடவேண்டுமே எனப் பரீட்சகர் கேட்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓடுகளின் எண்ணிக்கை கூடுவதால் ஈற்றிலத்திரன் கருவிலிருந்து தூரமாகின்றது. உள் ஓடுகளிலுள்ள இலத்திரன்கள் கருவின் கவர்ச்சியை மறைக்கின்றன. இவ்விரண்டும் கருவேற்றத்தின் அதிகரிப்பை மேவிவிடுகின்றன. ஆகவே முதலாம் அயனாக்கச் சக்தி மூலுக்கு 520, 496, 419 கிலோயூல் எனக் குறைந்து, இலத்திரன் இலகுவில் இழக்கப்படுகின்றது.

நீருடனான தாக்கம் அவதானங்களைக் கேட்கும் பகுதியாகும்.

சோடியம் + நீர் → சோடியம் ஐதரொட்சைட்டு + ஐதரசன்

இலிதியம் நீரில் மிதந்து, சீராகக் குமிழிகளை வெளிவிடும். அதன் உருகுநிலை 181 °செ ஆதலால் உருகுவதில்லை. சோடியமோ 98 °செ இல் உருகுவது. தாக்கத்தில் வெளிவரும் வெப்பத்தினாலேயே அது உருகி, வெள்ளிநிறக் கோளமாகி, "ஸ்" என்ற ஓசையுடன் நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடும். பொற்றாசியத்துடன் தாக்கம் மிக உக்கிரமானது. வெளிவரும் ஐதரசன் உடனே தீப்பற்றி இளஊதாச் சுவாலையுடன் எரியும். மூன்றிலும் எஞ்சும் கரைசலுக்குப் பினோத்தலீன் இட்டால் இளஞ்சிவப்பாகும்.

வளியிலும் இவை விரைவில் தாக்கமுறும். புதிதாக வெட்டிய சோடியத்தின் பளபளப்பு சிறிது நேரத்தில் மங்கிவிடும். எனவே சோடியமும் பொற்றாசியமும் பரபின் எண்ணெயினுள் அமிழ்த்தி வைக்கப்படும். இலிதியம் எண்ணெயிலும் மிதக்குமளவு அடர்த்தி குறைந்தது. சோடியம் தீப்பற்றினால் நீரூற்றுவது பேராபத்து. உலர்ந்த மணலால் மூடவேண்டும். குளோரீனுடன் இவை தருவன வெண்ணிற அயன் சேர்வைகளான குளோரைட்டுகள், இதில் சிக்கலேதுமில்லை.

அடர்த்தியில் மட்டும் அவதானமாயிருங்கள். பொதுவாக அது கீழ்நோக்கிக் கூடினாலும் சோடியத்தினது 0.97, பொற்றாசியத்தினது 0.86 கிராம்/கன சென்ரிமீற்றர். இங்கு போக்கு மாறுகின்றது.

இப்போது ஒரு வினா: உருபீடியத்தின் சிறு துண்டொன்றை நீரிலிட்டால் யாது நிகழும் என எதிர்வுகூறுக. அதன் அடர்த்தி 1.53 எனத் தரப்பட்டுள்ளது. விடை: அது மிதக்காது, நீரினுள் அமிழும். பொற்றாசியத்திலும் உக்கிரமாக, வெடித்தலுடன் தாக்கமுற்று, உருபீடியம் ஐதரொட்சைட்டையும் ஐதரசனையும் தரும்.